அப்பத்தா வீட்டுக்கு எந்த போன்? கம்பம், குமுளிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்போது இதே பேச்சுதான். பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ எர்ணாகுளத்திலோ இருக்கிறார்கள். ஊரில் பெரியவர்கள் மட்டும். ஹாலில் லேண்ட்லைன் இருக்கிறது, மாதாமாதம் பில் வருகிறது, பேசுவதெல்லாம் மொபைலில். "இதை எடுத்துவிடலாமா?" என்று மகன் கேட்கிறான். "அது பாட்டுக்கு இருக்கட்டும்ப்பா" என்கிறார் அப்பா.

யார் சொல்வது சரி என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள், ஊர் எவ்வளவு பெரியது, மலையில் எவ்வளவு உள்ளே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் கம்பத்தில் எடுக்கும் முடிவு, எல்லையைத் தாண்டிக் கேரளத்தில் இருக்கும் குமுளிக்குச் சரிவராது. குமுளிக்குச் சரியானது, வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்கு ஆகாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுபது வயதைத் தாண்டியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், இடம் மாறாமல் ஒரே மேசையில் இருக்கும் போன் ஒன்று வேண்டும். அவர்கள் பெயரிலேயே வாங்கிய சிம்மோடு ஒரு பட்டன் போனும் வேண்டும். ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுப்பதானால் இந்த இரண்டும் இருக்கும்போது கூடுதலாகக் கொடுங்கள். அதை வைத்து இவற்றை எடுத்துவிடாதீர்கள்.

நாடு முழுக்க நடந்ததைப் பார்த்தால் மகன் பேச்சில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இந்தியக் குடும்பங்களில் 53.2 சதவீதம் மொபைல் மட்டும் வைத்திருந்தன. லேண்ட்லைன் மட்டும் வைத்திருந்தவை 4 சதவீதம், இரண்டும் இருந்தவை 6 சதவீதம். ஒரு காலத்தில் நாட்டில் 4 கோடிக்கு மேல் இருந்த லேண்ட்லைன் இணைப்புகள் 2021 வாக்கில் சுமார் 2 கோடியாகக் குறைந்துவிட்டன. அதற்கு அப்புறம் ஃபைபர் வந்ததால் எண்ணிக்கை திரும்பவும் ஏறி, 2024இல் 3 கோடியைத் தாண்டியது. ஆனால் அந்த ஏற்றம் நகரத்து ஏற்றம். மொத்த லேண்ட்லைன்களில் பத்தில் ஒன்று அளவுதான் கிராமங்களில் இருக்கிறது. பெரியவர்கள் தனியாக இருப்பதோ கிராமங்களில்தான் அதிகம்.

ஊரின் அளவு என்று வரும்போது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றல்ல. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டில் மக்கள் வாழும் கிராமங்கள் பதினைந்தாயிரத்துக்கு மேல். சராசரியாக ஒரு கிராமத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். கேரளத்தில் மொத்தமே 1,018 கிராமங்கள், ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பதினேழாயிரம் பேர். நம் பக்கம் வீடுகள் ஒட்டி ஒட்டி ஒரே இடத்தில் இருக்கும், ஊரைத் தாண்டினால் திராட்சைத் தோட்டமும் வயலும்தான். அந்தப் பக்கம் ஒவ்வொரு வீடும் தன் தோட்டத்துக்குள் தனியாக நிற்கும், ஊர் எங்கே முடிகிறது என்றே தெரியாது. நம் கிராமத்தில் ஒரு டவர் வைத்தால் ஊர் முழுக்க எடுக்கும். குமுளி, அணைக்கரை, வண்டன்மேடு பக்கம் அதே டவருக்கு நூறு மேடு பள்ளம் குறுக்கே நிற்கும். சாலையில் நின்றால் நாலு புள்ளி சிக்னல் காட்டும் போன், ஏலத்தோட்டத்துக்குள் முப்பது அடி இறங்கினதும் சேவை இல்லை என்று சொல்லிவிடும். அதனால் 'எந்த கம்பெனி நல்லது?' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அந்த வீட்டின் சமையலறையில் எந்த சிம் எடுக்கிறது என்று பார்ப்பதுதான் ஒரே வழி. வாசலில் பார்த்தால் போதாது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று பாருங்கள்.

எல்லையோரத்துக்கே உரிய இன்னொரு தொந்தரவு, போன் மாநிலம் விட்டு மாநிலம் தாவுவது. லோயர்கேம்ப்பிலிருந்து மலையேறும்போது பாதி வழியில் தமிழ்நாட்டு டவரை விட்டுவிட்டுக் கேரள டவரைப் பிடிக்கும். கேரளத்துக்கு நல்வரவு என்று மெசேஜ் வரும், அடுத்த வளைவில் திரும்பவும் தமிழ்நாடு. முன்பு இதற்குக் காசு போனது. ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து குமுளிக்காரர்கள் ஆளுக்கு இரண்டு சிம் வைத்திருந்த காலம் உண்டு. 2017 வாக்கில் அந்தக் கட்டணம் ஏறத்தாழ ஒழிந்துவிட்டது, அதனால் செலவு என்ற வகையில் இப்போது பயமில்லை. அவசர அழைப்பில்தான் பயம் இருக்கிறது. மொபைலில் 108 அடித்தால் அழைப்பு எந்த மாநிலத்துக்குப் போகும் என்பதை அந்த நேரத்தில் போன் பிடித்திருக்கும் டவர்தான் தீர்மானிக்கும். தமிழ்நாட்டு வீட்டிலிருந்து அடித்த அழைப்பு கேரளக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகலாம், அங்கிருந்து இங்கே மாற்றுவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். லேண்ட்லைன் எந்த எக்ஸ்சேஞ்சில் இருக்கிறதோ அந்த ஊர் அழைப்பாகத்தான் போகும், அதற்குத் தாவத் தெரியாது. எல்லையை ஒட்டி வீடு இருப்பவர்கள், பக்கத்து ஆஸ்பத்திரியின் நேரடி எண்ணையும் இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய ஒரு ஜீப்காரர் எண்ணையும் போனில் ஏற்றி வைப்பது 108ஐ மனப்பாடம் செய்வதைவிட முக்கியம் என்பேன்.

சரி, கையிலிருக்கும் வாய்ப்புகளுக்கு வருவோம்.

முதலாவது, பழைய செம்புக்கம்பி லேண்ட்லைன். இதன் அருமை பலருக்குத் தெரியாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் அந்த இரண்டு கம்பியிலேயே 48 வோல்ட் மின்சாரம் வருகிறது. வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும், ஏனென்றால் அது எக்ஸ்சேஞ்சின் பேட்டரியில் ஓடுகிறது. கம்பி வைத்த சாதாரண போனாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் கார்ட்லெஸ் போன் என்றால் அதன் அடித்தட்டுக்கு வீட்டு மின்சாரம் தேவை, கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து போகும். ஆனி, ஆடி மாதச் சாரலில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருக்கும் மலைப் பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை.

இதன் கெடுதலும் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. மழை இறங்கினால் இணைப்புகளில் ஈரம் புகுந்து கரகரவென்று சத்தம் வரும். மரம் விழுந்தால் கம்பி போச்சு. சரிசெய்ய ஆள் வேண்டுமே? 2020 ஜனவரி 31 அன்று பிஎஸ்என்எல் ஊழியர்களில் 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். எந்த போஸ்ட் மரத்தில் எந்த வீட்டு இணைப்பு போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய லைன்மேன்கள் அவர்களில் ஏராளம். புதிதாகச் செம்புக்கம்பி இழுப்பதும் நின்றுபோய் எல்லாம் ஃபைபருக்கு மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் செம்புக்கம்பி இணைப்பு இருந்தால், அதுவாகச் சாகும்வரை எடுக்காதீர்கள். புதிதாகக் கேட்டு வாங்கலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

இரண்டாவது, ஃபைபர் லேண்ட்லைன். பழைய எண்ணையே பெரும்பாலும் இதற்கு மாற்றிக்கொள்ளலாம், கூடவே வைஃபையும் வரும். ஆனால் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் இல்லையென்றால் போன் செத்துவிடும். பார்க்க அதே போன், அதே மணிச்சத்தம். அதனால் பெரியவர்கள் பழைய மாதிரியே கரண்ட் இல்லாதபோதும் பேசலாம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். இதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை, எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. இதற்கு மருந்து சுலபம்தான். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, சில மணி நேரம் தாங்கும். அப்புறம் இணைப்புக் கொடுக்கும் உள்ளூர் கேபிள்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, கரண்ட் போனா உங்க இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் ஓடும்?" வீட்டில் யுபிஎஸ் இருந்தும் அவருடைய பெட்டி அணைந்துவிட்டால் பயனில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்ற இலக்கோடு 2023 ஜூன் 5 அன்று கேரள அரசின் ஃபைபர் இணையத் திட்டமான கேஃபோன் தொடங்கப்பட்டது. உங்கள் வார்டுக்கு வந்திருக்கிறதா என்று பஞ்சாயத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

ஃபைபரில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சிக்னல் எடுக்காத கெட்டிச் சுவர் வீட்டில், வைஃபை வழியாகவே மொபைல் அழைப்பு பேசும் வசதி 2019, 2020 முதல் வந்துவிட்டது. வீட்டில் இருக்கும் ஸ்மார்ட்போனின் செட்டிங்ஸில் அதைப் போட்டுவிட்டால் டவர் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, சிம் போடுகிற மேசை போன். பார்வைக்கு லேண்ட்லைன் மாதிரியே இருக்கும், உள்ளே மொபைல் சிம். பெரிய பொத்தான், உரத்த மணி, உள்ளே பேட்டரி. கம்பி வராத கிராமத்து வீட்டுக்கு இது நல்ல வழி. 4ஜி வேலை செய்யும் மாடலா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், 2ஜி மட்டும் உள்ள பழைய சரக்கும் கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான்காவது பட்டன் போன். இங்கேயும் அதே எச்சரிக்கை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, 2ஜி மட்டும் உள்ள பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் சிம்கள் செய்யும். பட்டன் போனின் பெரிய பலம் அழுத்தி வைத்தால் போகும் அழைப்பு. 2ஐ அழுத்தி வைத்தால் மகன், 3ஐ அழுத்தி வைத்தால் மகள், 4க்குப் பக்கத்து வீடு. அந்த மூன்று பொத்தான் மேல் நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தால் கண்புரை விழுந்த கண்ணுக்கும் தெரியும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் வரும். மழைக்காலத்தில் இதற்கு இணையில்லை.

ரீசார்ஜ்தான் இதில் கண்ணி. 2018 கடைசியிலிருந்து, ரீசார்ஜ் காலம் முடிந்தால் வரும் அழைப்பும் நின்றுபோகிற முறை வந்துவிட்டது. 2003 முதல் வரும் அழைப்புக்குக் காசில்லை என்று பழகிவிட்ட பெரியவர்களுக்கு இது புரிவதே இல்லை. "யாருமே கூப்பிட மாட்டேங்கிறாங்க" என்று இரண்டு வாரம் மனம் நொந்து உட்கார்ந்திருப்பார்கள். உண்மையில் சிம்முக்குக் காலம் முடிந்திருக்கும். லேண்ட்லைன் பில்லுக்கு இந்த அவசரம் இல்லை, கட்ட மறந்தாலும் முதலில் போகும் அழைப்பைத்தான் நிறுத்துவார்கள். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவால் டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களைக் கம்பெனிகள் தர வேண்டியதாயிற்று. 2025 தொடக்கத்தில் அவை வந்தபோது 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டியும், ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு 1,750 முதல் 1,850 ரூபாயை ஒட்டியும் இருந்தன. பெரியவர்கள் போனுக்கு ஆண்டுத் திட்டத்தையே போட்டுவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ரீசார்ஜ் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

ஸ்மார்ட்போனை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசும் சந்தோஷத்துக்கு ஈடு ஏது? ஆனால் வயதான விரலின் தோல் காய்ந்து தடித்திருக்கும், தொடுதிரைக்கு அது தொட்டது தெரியாது. அப்பத்தா பச்சை வட்டத்தை அழுத்து அழுத்தென்று அழுத்துவார், அழைப்பு எடுபடாது. இழுத்து விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் இழுக்கும்போது சிவப்புப் பக்கம் போய்விடும். மணி அடித்து ஓய்ந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அவசரத்துக்கு எடுக்க வராத கருவியை மட்டும் நம்பி ஒரு வயதானவரை விட்டுவிட்டுப் போகக்கூடாது. மோசடி இன்னொரு பக்கம். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிப்பது ஸ்மார்ட்போன் வழியாகத்தான் நடக்கிறது. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் உட்காரவைத்துச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும்.

அதே நேரம், லேண்ட்லைன் மட்டும் போதும் என்று இருப்பதும் இனி முடியாது. வங்கி ஓடிபி, ஆதார், கேஸ் சிலிண்டர் வாங்கும்போது சொல்ல வேண்டிய எண், ரேஷன் கடைச் செய்தி எல்லாமே மொபைலுக்குத்தான் வரும். பெரும்பாலும் என்ன நடக்கிறது? அம்மாவின் கணக்கில் மகன் எண்ணைக் கொடுத்துவிடுகிறோம். சிலிண்டர் வண்டி கம்பத்தில் வாசலில் நிற்கும், எண் திருப்பூரில் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருக்கும் மகன் போனுக்குப் போயிருக்கும். தன் பென்ஷன் வந்ததா என்று தெரிந்துகொள்ளக்கூட அந்த அம்மா மகனைக் கேட்க வேண்டும். பட்டன் போனாக இருந்தாலும் அது அவர் பெயரில், அவர் கையில், அவர் எண்ணாக இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் மொபைல் வைத்திருக்கும் 15 முதல் 49 வயதுப் பெண்கள் கேரளத்தில் 86.6 சதவீதம், தமிழ்நாட்டில் 74.6 சதவீதம். அந்த வயதிலேயே நம் பக்கம் நாலில் ஒரு பெண்ணுக்குத் தன் போன் இல்லை. அறுபது, எழுபது வயதுப் பெண்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

நடு வயதுக்காரர்களுக்கும் எங்கள் பக்கத்தில் தனிச் சிக்கல் உண்டு. கம்பம், கூடலூர், போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிறார்கள். ஏலச்செடி நிழலுக்குள் போனால் மாலைவரை சிக்னல் எடுக்காத தோட்டங்கள் பல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டால் போகாது. அந்த வீட்டுக்கு அம்மாவின் ஸ்மார்ட்போனைவிட, வீட்டிலிருக்கும் பாட்டி எடுக்கும் மேசை போன்தான் பெரிய உதவி. பள்ளியில் கொடுக்கும் எண் அதுவாக இருக்க வேண்டும். இரண்டாவது எண்ணாக, தோட்டத்தில் வேலையை மேற்பார்வை பார்க்கும் கங்காணியின் எண்ணைக் கொடுக்கலாம். இளவட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவர்கள் தேர்வு எப்போதோ முடிந்துவிட்டது.

எஸ்டேட் லயங்கள் விஷயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கொட்டும் மழையில் மின்சாரமும் மொபைல் தொடர்பும் இல்லாமல் கிடந்ததால் இரவில் நடந்தது வெளியுலகத்துக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பிழைத்தவர்கள் நடந்து போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆன்லைன் வகுப்புக்காக எஸ்டேட் பிள்ளைகள் சிக்னல் தேடிச் சாலையோரத்தில் உட்கார்ந்து படித்தார்கள். டவரின் பேட்டரி தீர்ந்தால் லயத்தில் நூறு ஸ்மார்ட்போன் இருந்தும் அத்தனையும் வெறும் டார்ச் லைட்தான். அங்கே ஒவ்வொரு வீடும் தனித்தனியாக முடிவெடுத்துத் தீராது. வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டர் ஆபீஸிலோ குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷிலோ கம்பி வழி போன் ஒன்று, பேட்டரியோடு, இரவிலும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று தொழிற்சங்கம் வழியாக நிர்வாகத்திடம் கேட்பதுதான் வழி. வீட்டுக்கு என்று பார்த்தால், இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் போட்ட பட்டன் போன். இரண்டும் ஒரே டவர் கம்பத்தில் தொங்குகிறதா என்று விசாரித்து, வேறு வேறு டவராக இருக்கும்படி பாருங்கள்.

கம்பம், தேனி மாதிரி நகரத்தில் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ஃபைபர், மினி யுபிஎஸ், ஒரு பட்டன் போன், முடிந்தது. இணையமும் சேர்த்து மாதம் நானூறு, ஐந்நூறு ரூபாய்த் திட்டமும் அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஆகும். நகரை ஒட்டிய கிராமத்தில் ஃபைபர் வந்திருந்தால் அதுவே. வராத இடத்தில் சிம் மேசை போன், கையில் வேறு கம்பெனி சிம்மோடு பட்டன் போன். குமுளி, அணைக்கரை மாதிரி இடங்களில் செம்புக்கம்பி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே கேரளப் பக்கத்து டவரைச் சமையலறைக்குள்ளும் பிடிக்கிற ஒரு சிம்.

எந்த லேண்ட்லைனாக இருந்தாலும், அதிலிருந்து மொபைலுக்கு அடிக்கும்போது முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பது 2021 ஜனவரி 15 முதல் விதி. போன் பக்கத்துச் சுவரிலும் காலண்டர் அட்டையிலும் பழைய பத்து இலக்கமாகவே எழுதி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அடுத்த தடவை போகும்போது பெரிய எழுத்தில் 0 சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம் லேண்ட்லைனை எடுப்பது என்றே முடிவானால், ஒன்றிரண்டு வேலை இருக்கிறது. மொபைல் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றுவது போல லேண்ட்லைன் எண்ணை மாற்ற முடியாது, விட்டால் போனதுதான். கொஞ்ச காலம் வீடு பூட்டியிருக்கும் என்றால் எண்ணை விடாமல் இணைப்பை நிறுத்தி வைக்கும் வசதி பிஎஸ்என்எல்லில் உண்டு, அதைக் கேளுங்கள். முழுதாக விடுவதானால், அந்த எண்ணைப் பல வருடமாக வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், மருந்துக்கடை, வங்கி எல்லோருக்கும் புது எண் போய்ச் சேர்ந்த அப்புறம் எழுதிக் கொடுங்கள். இணைப்பு வாங்கும்போது கட்டிய டெபாசிட் பாக்கி இருந்தால் திருப்பித் தருவார்கள். அந்த ரசீது பெரும்பாலும் அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும், தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.